20 நிமிட கிளைமாக்ஸ் ஃபைட், மனசு மட்டும் அசையவே இல்லை. ஏன்?

டோல்கேட் பையன்:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

போன ஞாயிறு நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து புதிதாக வந்த பெரிய ஆக்‌ஷன் படம் ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம், என் கேள்வி அந்த ஒரு படத்தைப் பற்றியது இல்லை. கிளைமாக்ஸ் சண்டை கிட்டத்தட்ட 20 நிமிடம். துறைமுகம் மாதிரி செட், கன்டெய்னர் மேல் கன்டெய்னராகச் சரிகிறது, ஹெலிகாப்டர் வருகிறது, ஹீரோ ஒற்றை ஆளாக அறுபது எழுபது பேரைப் பறக்கவிடுகிறார், சவுண்டு நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கிறது. அந்த நேரத்தில் நான் போனை எடுத்து மறுநாள் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு என்று கம்பெனி குரூப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் இவனும் போன், அவனும் போன். முன் வரிசையில் ஒரு அம்மா, மடியில் தூங்கிப்போன குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், படம் முடிந்ததும் கூட்டத்துக்கு முன்னால் கிளம்பிவிடலாம் என்று. திரையில் துறைமுகமே எரிகிறது.

ரெண்டு நாள் கழித்து வீட்டில் டிவியில் பாட்ஷா ஓடியது. எத்தனையாவது தடவை என்று கணக்கே கிடையாது. தம்பிக்கு விழவேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்கிறேன் என்று மாணிக்கம் கம்பத்தில் கட்டுண்டு நிற்கிறாரே, அந்த இடம். திருப்பி ஒரு அடி அடிக்கவில்லை, சும்மா நிற்கிறார். எங்கள் அப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறு பிசைந்த கை தட்டிலேயே நின்றுவிட்டது. ரசம் ஊற்ற வந்த அம்மாவும் கரண்டியோடு நிற்கிறார். 1995ல் வந்த படம், அடுத்த ஷாட் என்ன, அதற்கடுத்த ஷாட் என்ன என்று ரெண்டு பேருக்கும் மனப்பாடம், அப்படியிருந்தும்.

எனக்கு 26 வயது. சின்ன வயதில் அகஸ்தியாவில் அப்பாவோடு பார்த்த சண்டைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன, அந்தத் தியேட்டரையே 2020ல் மூடிவிட்டார்கள். போன வாரம் பார்த்த படத்தில் ஒரு ஷாட்கூட ஞாபகம் இல்லை. காசு அதிகம், டெக்னாலஜி அதிகம், ஃபைட்டர்கள் உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறார்கள், அது கண்ணுக்கே தெரிகிறது. அப்புறம் எது குறைகிறது? எனக்குத்தான் படம் பார்க்கும் ஆசை போய்விட்டதா, இல்லை அவர்கள் எதையோ விட்டுவிடுகிறார்களா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

காசிமேடு கார்னர்:

தம்பி, நான் சினிமாக்காரன் இல்லை. குத்துச்சண்டை கற்றவன், இப்போது காலையில் பையன்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்த சண்டையை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும்.

1980ல் முகமது அலி மெட்ராசுக்கு வந்தார், நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். எங்கள் தாத்தா கூட்டத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தவர். அதைப் பற்றிக் கேட்டால் ‘என்னமா கால் வைக்கிறான்டா அந்த மனுசன்’ என்பார், முகம் மலரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். அதே தாத்தாவிடம் அவர் வாலிபத்தில் நம் பக்கம் நடந்த பரம்பரைக் குத்துச்சண்டை, அதாவது வாத்தியார் வழியில் வந்த குழுக்கள் மோதுவது, அதில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும். யாருக்கு யார் வாத்தியார், போன தடவை தோற்றுவிட்டு எவன் ஆறு மாதம் தெருவில் தலைகாட்டவில்லை, எவனுடைய கல்யாணப் பேச்சு அந்த ஒரு மேட்ச்சை நம்பி நின்றது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் முதல் குத்துக்கே வருவார். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரைக் கண்ணால் பார்த்தவர், ஆனால் அன்றைக்கு அந்த மேடையில் யாருக்கும் எதுவும் போகப்போவதில்லை. தெருமேடையில் நின்றவனுக்கு எல்லாமே போகும். தாத்தா அதைத்தான் எங்களுக்குச் சொன்னார்.

இன்னொன்று நானே பார்த்தது. ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, 61 நாள் எல்லோரும் கரையில்தான், அந்தச் சமயத்தில் சாயங்காலம் ஒரு மேட்ச் வைத்திருந்தார்கள். நான் பயிற்சி கொடுத்த பையன் ஏறினான். அவன் அம்மா மீன் விற்கிறவர், மகன் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை, அன்றைக்கு யாரோ வற்புறுத்திக் கூட்டிவந்துவிட்டார்கள். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு குத்துச் சத்தத்துக்கும் தோள் மட்டும் துள்ளுகிறது. கிளவுஸ் உடம்பில் பட்டால் ஒரு சத்தம், கையில் தடுத்தால் வேறு சத்தம். ரெண்டாவது ரவுண்டுக்குள் அந்த வித்தியாசம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது, தடுத்த சத்தத்துக்குத் தோள் துள்ளவில்லை. அதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்த இருபது முப்பது பேர் மேடையைப் பார்க்கவில்லை, அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கார்னரில் நிற்கவேண்டிய நானே ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன். குத்து எப்படி விழுந்தது என்று கேட்டால் இன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியாது.

சார்பட்டா பரம்பரை பார்த்திருப்பீர்கள். கபிலனும் டான்சிங் ரோஸும் மோதும் மேட்ச்சைத் தனியாக வெட்டி யூடியூபில் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கும், ரோஸின் கால் ஆட்டம் அப்படி. ஆனால் முழுப் படத்தில் பார்க்கும்போது அது வேறு. கபிலன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், அப்பா இந்தக் குத்துச்சண்டையில் வந்த பேரை வைத்து ரவுடியாகி வெட்டுப்பட்டுச் செத்ததால் கிளவுஸைத் தொட்டாலே அம்மா அடிக்கிறார், ரங்கன் வாத்தியாரோ பரம்பரையின் மானத்தையே பந்தயமாக வைத்துவிட்டார். இத்தனையும் தெரிந்த பிறகுதான் ரோஸ் ஆட ஆரம்பிக்கிறார். அதனால் அவர் ஒவ்வொரு தடவை நழுவும்போதும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. அதற்கப்புறம் வேம்புலியோடு நடக்கும் மேட்ச்சில் கலவரமாகி கபிலன் துணியை உருவுகிறார்களே, அங்கே குத்தே கிடையாது. படத்தில் எனக்கு அதிகமாக வலித்த இடம் அதுதான்.

நீ போனை எடுத்தது உன் தப்பு இல்லை தம்பி. மேடையில் நிற்பவன் யாரென்று உனக்கு யாரும் சொல்லவில்லை.

ஸ்டண்ட் பிரியன்:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடாதீர்கள், எதிர்ப்பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சண்டை என்பது ஒரு கலை. பரதநாட்டியம் பார்க்கிறோம், ஆடுகிறவர் வீட்டுக் கதை தெரிந்தா பார்க்கிறோம்? ஜாக்கி சான் 1985ல் போலீஸ் ஸ்டோரியில் ஷாப்பிங் மால் நடுவில் பல்பு சுற்றிய கம்பத்தைப் பிடித்து மேலிருந்து கீழே வழுக்கி வருகிறார், கை தோல் வெந்துவிட்டது, அந்தத் தாவலை மூணு கோணத்தில் மூணு தடவை காட்டுவார்கள். அதைப் பார்க்க எனக்கு அம்மா சென்டிமென்ட் வேண்டாம். தி ரெய்டு, 2011ல் வந்த இந்தோனேசியப் படம், ஒரு கட்டடம், மாடி மாடியாக அடிதடி, கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் மூச்சு விட முடியாது.

நம் ஆட்களிடம் ‘எமோஷன் வேண்டும்’ என்று சொன்னால் என்ன செய்கிறார்கள்? இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்னால் நண்பன் சாகிறான். இல்லாவிட்டால் தங்கச்சி. சாகப்போகிற ஆள் யாரென்று முதல் சீனிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் அவன்தான் படத்திலேயே ரொம்ப நல்லவனாக இருப்பான், அடுத்த மாதம் கல்யாணம் என்பான். அதைவிட நேராகச் சண்டையைக் காட்டிவிட்டுப் போகலாம். இன்னொன்றும் சொல்லவேண்டும். இப்போது வரும் பாதிச் சண்டைகளில் கேமரா ஆடுகிற ஆட்டத்தில் எந்தக் கை யாருடைய கை என்றே தெரிவதில்லை. டோல்கேட் தம்பி சலித்துப்போனதற்கு முதல் காரணம் அதுவாகத்தான் இருக்கும். யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியாத சண்டையில் கதாபாத்திரத்தின் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

கட்டிங் டேபிள்:

நான் பெரம்பூர். தினமும் சாலிகிராமம் போய் எடிட்டிங்கில் உதவியாளராக வேலை செய்கிறேன், எட்டு வருடம் ஆகிறது. இந்த விஷயம் எங்கள் மேஜையில் தினமும் வருவது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்டண்ட் பிரியன் சொன்னதில் ரெண்டு விஷயம் சரி. சண்டையில் இடம் புரிய வேண்டும், கதவு எங்கே, மாடிப்படி எங்கே, கத்தி யார் கைக்குப் போனது, இது தெரியாவிட்டால் மற்றது எதுவும் ஏறாது. சாகப்போகிற நண்பன் விஷயமும் சரி. ஆனால் அண்ணே, தி ரெய்டு பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள முடியாது. அந்தப் படம் எப்படி ஆரம்பிக்கிறது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். விடியற்காலை, ஒருத்தர் தொழுகிறார், உடற்பயிற்சி செய்கிறார், கர்ப்பமாக இருக்கும் மனைவியிடம் விடைபெறுகிறார், வாசலில் அப்பாவிடம் ‘அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்’ என்று ஒரு வாக்குக் கொடுக்கிறார். யாரைக் கூட்டிவருவார் என்று நமக்கு அப்போது தெரியாது. கூடப்பிறந்தவன் அந்தக் கட்டடத்தில் வில்லன் பக்கம் இருக்கிறான் என்று பிறகு தெரியவரும். அழுகை இல்லை, பாட்டு இல்லை, சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தை வெட்டிவிட்டு மீதியைப் பாருங்கள், அதே அடிதான் விழும், ஆனால் யாரோ யாரையோ அடிக்கிற மாதிரி இருக்கும்.

ஜாக்கி சானும் அப்படித்தான். அவர் யாரையாவது ஓங்கிக் குத்திவிட்டுத் தன் கையை உதறுவார், கவனித்திருக்கிறீர்களா? வலிக்கிறது அவருக்கு. பயப்படுகிறார், ஓடுகிறார், மேஜைக்குக் கீழே ஒளிகிறார். வீட்டுக் கதை சொல்லாமலே, இந்த ஆளுக்கு உடம்பு இருக்கிறது, அடிபட்டால் வலிக்கும் என்று நமக்குக் காட்டிவிடுகிறார். அடிபடாத ஹீரோ மேல் நாம் எப்படிக் கவலைப்படுவது? போன வாரம் நீங்கள் பார்த்த படத்தில் ஹீரோ கன்டெய்னருக்கு அடியில் மாட்டியும் சட்டைக் காலர் கலையாமல் எழுந்து வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

எங்கள் மேஜையில் நடந்த ஒன்று. ஒரு படத்தில் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், சமையல் கொட்டகையில், அண்டாக்களுக்கு நடுவில் சண்டை, நாலு நிமிடத்துக்கு மேல். உள்ளே தங்கச்சி கல்யாணம், வெளியே அண்ணன் ஆட்களைத் தடுத்துக்கொண்டிருக்கிறான், சத்தம் உள்ளே கேட்கக் கூடாது. நீளம் குறைக்கச் சொன்னார்கள். அடிகளில் கை வைத்தால் ஃபைட் மாஸ்டர் வருத்தப்படுவார், அதனால் தங்கச்சி கையில் மாலையோடு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கும் மூணு ஷாட்டைத் தூக்கினோம். மூணும் சேர்த்து 5 நொடி, 120 ஃபிரேம். போட்டுக் காட்டினால் பார்த்த எல்லோரும் ‘ஃபைட் ரொம்ப நீளம்’ என்கிறார்கள். முன்னைவிட 5 நொடி குறைத்திருக்கிறோம்! அன்று ராத்திரி எடிட்டர் அந்த மூணு ஷாட்டையும் திரும்ப வைத்தார், வைத்துவிட்டு அடிகளில் 40 நொடி எடுத்தார். மறுநாள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதில் ஒரு இடம் உண்டு, அண்ணன் ஒருத்தன் வாயைப் பொத்தி மெதுவாகச் சுவரோரம் உட்கார வைப்பான், அண்டா மூடி கீழே விழப்போகும், காலால் தாங்குவான். தியேட்டரில் அந்த மூடிக்குத்தான் விசில். மூடி விழுந்தால் சத்தம் கேட்கும், சத்தம் கேட்டால் தங்கச்சி எழுந்துவிடுவாள். அது ஜனங்களுக்குத் தெரியும்.

கைதி படத்தில் ஹீரோ டில்லியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் ஜெயில், அப்பா முகத்தையே பார்த்திராத மகள், நாளைக்கு யாரோ உன்னைப் பார்க்க வருகிறார்கள் என்று கேட்டுக் காத்திருக்கிறாள். இதைப் படம் ஆரம்பத்திலேயே வைத்துவிடுகிறது. அப்புறம் அந்த ஆள் பக்கெட் பிரியாணியை அள்ளித் தின்பதைக் காட்டுகிறது, பேச்சே இல்லாமல் அவன் எங்கிருந்து வருகிறான் என்று சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு ராத்திரி முழுக்கச் சண்டை. ஆள் வெட்டுப்படும்போதெல்லாம் நாம் ஜெயிப்பானா என்று கேட்பதில்லை, விடிவதற்குள் போய்ச் சேருவானா என்றுதான் கேட்கிறோம். ஜெயிப்பான் என்று எல்லோருக்கும் தெரியும், ஹீரோ அல்லவா. போய்ச் சேருவானா என்பது தெரியாது.

வியாசை அக்கா:

தம்பிகளா, நல்ல பேச்சு. நான் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறேன், கோபமாகத் தெரிந்தால் பரவாயில்லை.

எங்கள் தெருவில் ஒரு தம்பி சினிமாவில் ஃபைட்டராகப் போகிறான். விடியற்காலை நாலு மணிக்குக் கம்பெனி வேன் வரும். சட்டைக்குள் முழங்கைக்கும் முட்டிக்கும் பேடு கட்டிக்கொண்டு, மேலே லுங்கியும் பனியனும் மாட்டி விடுவார்கள், முடியில் கலர். அடிவாங்கிக் கீழே விழுவதுதான் வேலை. ஒருநாள் அவன் விழுந்த படம் டிவியில் வந்தது. அவன் மகளுக்கு அப்போது நாலு வயது இருக்கும். நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து அவன் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம், ‘அதோ பார், அப்பா’ என்று காட்டினோம். ஹீரோ ஒரு உதை விட்டார், இவன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் விழுந்தான். ரெண்டு நொடி இருக்குமா? அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான், அவனைப் பிடித்துத் தடவிப் பார்க்கிறது, திரும்ப டிவியைப் பார்த்து அழுகிறது. ஹீரோ அடுத்த ஆளை அடிக்கப் போய்விட்டார், தியேட்டரில் இந்த இடத்துக்குக் கை தட்டியிருப்பார்கள். அந்தக் குழந்தையின் கண் மட்டும் கண்ணாடிச் சில்லுக்கு நடுவில், அப்பா விழுந்த இடத்தை விட்டு நகரவில்லை. ‘அப்பா ஏன் எந்திரிக்கல’ என்று கேட்டது.

இதைத்தான் சொல்ல வந்தேன். நீங்கள் எல்லோரும் ஹீரோ மேல் நமக்குப் பாசம் வரவேண்டும் என்று பேசுகிறீர்கள், சரி. அடிவாங்குகிற அறுபது பேர்? அவர்களுக்கு ஒரு பெயர் கிடையாது, ஒரு முகம் கிடையாது. அப்படிப்பட்ட ஆட்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று படத்தில் கேட்டால் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்பார்கள். இத்தனை வருடம் நம் ஊர் சினிமாவுக்கு அடியாள் கொடுக்கிற ஊராக மட்டும்தான் இருந்தது. இங்கே கேரம் போர்டு இருக்கிறது, ஃபுட்பால் இருக்கிறது, விடிந்தால் குழாயடியில் நிற்கிற பொம்பளைகள் இருக்கிறோம். பெயரே இல்லாத ஆளை அடித்தால் யாருக்கு என்ன? டோல்கேட் தம்பி, நீ போனை எடுத்ததற்குப் பாதிக் காரணம் இது என்பேன். அறுபது பேரும் ஆளில்லை, சாமான். அண்டா உருண்ட மாதிரி உருள்கிறார்கள்.

2014ல் மெட்ராஸ் படம் வந்தபோது நாங்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தது ஏன்? எங்கள் பக்கத்து ஹவுசிங் போர்டு, எங்கள் பக்கத்துச் சுவர் சண்டை. ஹீரோ காளியைவிட எனக்கு அவன் நண்பன் அன்புதான் மனதில் நிற்கிறான். கட்சி வேலை என்று அலைகிறவன், வீட்டுக்கு வந்தால் மனைவி மேரியிடம் கொஞ்சுவான், திட்டு வாங்குவான், பையனைத் தூக்கிக்கொள்வான். எங்கள் தெருவில் அப்படி நாலு பேர் இருக்கிறார்கள். அவன் வெட்டுப்படும்போது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவன் இல்லை, மேரி. இந்தச் செய்தியை யார் போய் அவளிடம் சொல்வார்கள் என்றுதான் தோன்றியது. ஸ்டண்ட் தம்பி சொன்ன ‘சாகப்போகிற நல்ல நண்பன்’ கணக்கில் பார்த்தால் அவனும் அதேதான். ஆனால் அவனை நல்லவன் என்று ஒருத்தரும் சர்டிஃபிகேட் கொடுக்கவில்லை, அவன் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தான். அங்கேதான் வித்தியாசம்.

பொம்பளை விஷயமும் அப்படியே. கடத்திக்கொண்டு போவதற்கென்றே ஒரு ஹீரோயின், கட்டிப்போட்டு அழவைப்பதற்கென்றே ஒரு தங்கச்சி. அவளுக்கென்று ஒரு கோபம், ஒரு வேலை, ஒரு ஆசை எதுவும் காட்டாமல் கட்டிப்போட்டால் நான் எதற்குப் பதறவேண்டும்? சார்பட்டாவில் மனைவி மாரியம்மா கபிலனை நிற்க வைத்துக் கேட்பாளே, அந்த மாதிரி ஒருத்தி வீட்டில் காத்திருந்தால்தான் அவன் அடிபடுவது எனக்கு அடிபடுவது.

ஸ்டண்ட் பிரியன்:

கட்டிங் டேபிள் அண்ணன் சொன்னதும் நேற்று ராத்திரி தி ரெய்டு திரும்பப் போட்டேன். அந்த ஆரம்பம் எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது, மனைவியிடம் விடைபெறும் இடத்தை ஒரு தடவை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். தாழ்வாரத்துச் சண்டையில் அவர் அடிபட்ட ஆளை விட்டுவிடாமல் கூடவே கூட்டிக்கொண்டு போவதும் இந்தத் தடவை வேறு மாதிரி தெரிந்தது. தனியாக இருந்தால் அவர் ஓடிவிடலாம். விட்டுவிட்டுப் போக மனசில்லை, அதனால்தான் சண்டையே அவ்வளவு நெருக்கடியாகிறது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என் பக்கத்தில் ஒன்றை விடமாட்டேன். உணர்ச்சி இருந்தால் போதும் என்று சண்டையை ஏனோதானோ என்று எடுப்பவர்களும் இருக்கிறார்கள், மகள் போட்டோவை மூணு தடவை காட்டிவிட்டு, அதற்குப் பிறகு ஸ்லோ மோஷனில் நடந்து வருவதையே சண்டை என்கிறார்கள். அக்கா சொன்ன அந்தத் தம்பி கண்ணாடியில் போய் விழுந்திருக்கிறார் அல்லவா, அந்த விழுகைக்குப் பின்னால் எத்தனை வருடப் பயிற்சி. அதை ஒழுங்காகப் பார்க்க ஒரு முழு ஷாட்டாவது கொடுங்கள் என்பதுதான் என் வாதம். அக்கா, அந்தத் தம்பி விழுந்த படம் எது என்று சொன்னால் அந்த இடத்தைத் தேடிப் பார்க்கிறேன். இனிமேல் நான் பின்னால் இருப்பவர்களைத்தான் கவனிக்கப்போகிறேன்.

டோல்கேட் பையன்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அப்பாவுக்கு முழுவதையும் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அக்கா எழுதியதைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார், அந்தக் கம்பத்துக் காட்சியில் தான் எப்போதும் ரஜினியைப் பார்த்ததில்லையாம், சுற்றி நிற்கும் வீட்டு ஆட்களின் முகத்தைத்தான் பார்ப்பாராம். இத்தனை வருடம் ஒரே படத்தை ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்தும் எனக்கு இது தெரியாது. ஒருமுறை எங்கள் பெரியப்பா கடன் தகராறில் தெருவில் வைத்து அடிவாங்கியபோது அப்பா சின்னப் பையனாகப் பக்கத்தில் நின்றிருக்கிறார், அதையும் இன்றைக்குத்தான் சொன்னார்.

கட்டிங் டேபிள் அண்ணா, ஹீரோவின் காலர் கலையவில்லை என்று நீங்கள் சொன்னது நூறு சதவீதம் சரி. கலையவே இல்லை.

காசிமேடு அண்ணே, உங்கள் பக்கம் அடுத்த மேட்ச் எப்போது என்று சொல்லுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

காசிமேடு கார்னர்:

வா தம்பி, அப்பாவோடு வா. வருகிற ஞாயிறு சாயங்காலம், இடத்தைத் தனியாக மெசேஜில் அனுப்புகிறேன். நாற்காலி ரெண்டு போட்டு வைக்கிறேன், மேடைக்கு இடது பக்கம் உட்காருங்கள், அங்கிருந்துதான் கால் தெரியும்.

மூணாவதாக ஏறுகிறவன் நம் பையன், சிவப்பு கார்னர், 19 வயது. ராத்திரி ரெண்டு மணியிலிருந்து துறைமுகத்தில் ஐஸ் பார் உடைத்துப் படகுக்கு ஏற்றுகிறான், அது முடித்துவிட்டுத்தான் பயிற்சிக்கு வருவான். போன வாரம் ஐஸ் பார் நழுவி இடது மணிக்கட்டில் விழுந்துவிட்டது, வீக்கம் இன்னும் முழுசாக வடியவில்லை. ஆடாதே என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, எதிரில் ஆடப்போகிறவன் போன வருடம் இவனை முதல் ரவுண்டிலேயே உட்காரவைத்தவன். வீட்டில் மணிக்கட்டு விஷயம் தெரியாது. அக்காள் வருகிறாள், முன் வரிசையில் மஞ்சள் துப்பட்டா. இவன் இடது கையை நீட்டும்போதெல்லாம் முகம் மாறுகிறதா என்று அவள் பார்ப்பாள், அதனால் முகத்தை மாற்றாமல் ஆடவேண்டும் என்று நேற்று முழுக்க அதையே பயிற்சி செய்தான்.